தந்தைக்கு நேரமில்லை

பாடல்கள் பல செவியில் விழுந்து மறைகின்றன. சிலவோ நெஞ்சில் தங்கி நம்மை விசாரணை செய்கின்றன. 1974 டிசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற 'கேட்ஸ் இன் த கிரேடில்' என்னும் பாடல் அத்தகையது.

அதன் கதை எளிது. ஒருவருக்கு மகன் பிறக்கிறான். தந்தைக்கோ ஓயாத வேலை, தீராத பயணம். விளையாட அழைக்கும் மகனுக்கு அவர் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆண்டுகள் உருண்டோடுகின்றன. ஓய்வுபெற்ற தந்தை மகனைக் காண விழையும்போது, மகனுக்கு நேரமில்லை.

அதைப் பாடியவர் ஹாரி சேப்பின். 1942-இல் நியூயார்க்கில் பிறந்தவர். எளிய மனிதரின் வாழ்வைக் கதைப் பாடல்களாகப் புனைந்து பாடுவதில் வல்லவர். எனினும், இப்பாடலுக்கு வித்திட்டது அவருடைய மனைவி சேண்டி எழுதிய கவிதையே. முதலில் அதனை அவர் பொருட்படுத்தவில்லை. தமக்கு ஒரு மகன் பிறந்த பின்னரே அதன் பொருள் அவருக்கு உறைத்தது.

புகழும் பொருளும் தேடிவந்தபோது சேப்பின் ஏழைகளை மறக்கவில்லை. அந்நாளில் கத்தோலிக்கக் குருவாயிருந்த பில் அயர்ஸுடன் இணைந்து, 1975-இல் பசி ஒழிப்புக்கென ஓர் அமைப்பை நிறுவினார். ஆண்டுதோறும் அவர் நடத்திய ஏறத்தாழ 200 இசை நிகழ்ச்சிகளுள் பாதியளவு அறப்பணிக்கென்றே நடந்தவை. 1981 ஜூலை 16 அன்று மாலை இலவச நிகழ்ச்சி ஒன்றில் பாடவிருந்தவர், லாங் ஐலண்டு நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். வயது 38. ஐந்து பிள்ளைகள் தந்தையை இழந்தனர். 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அவருடைய நினைவுக்கு வழங்கப்பெற்றது.

பசித்தோர்க்கு உணவூட்டிய கரம் போற்றுதற்குரியது. ஆயினும் அவர் பாடிய பாடல், நற்பணி செய்வோரையும் விட்டுவைப்பதில்லை. குடும்பத் தலைவர்களைப் பங்குப் பேரவைக்கும் திருவிழாக் குழுவுக்கும் மாலைதோறும் அழைக்கின்ற என்னையும் அது கேள்வி கேட்கிறது. கோவில் வேலையென்று தந்தை புறப்படும்போது, வாசலில் நிற்கும் குழந்தையின் முகத்தை நான் எண்ணிப் பார்த்தேனா?

சேப்பின் மறைந்த அதே 1981-ஆம் ஆண்டின் நவம்பரில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்ப வாழ்வைப் பற்றி ஊக்கவுரை ஒன்றை வெளியிட்டார். தந்தை இல்லாத குறை பிள்ளைகளின் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் நிலைகுலையச் செய்யும் என்று அதில் எச்சரித்தார். வீட்டில் இருந்தும் இல்லாதவராய் வாழும் தந்தையரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு காணாமற்போனபோது, புனித சூசையப்பர் தம் பயணத்தை நிறுத்தி எருசலேமுக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் கண்டடையும் வரை மரியன்னையோடு தேடினார். தச்சு வேலை காத்திருந்தது.

அன்புள்ள தந்தையரே, இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முன் அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அன்று மாலை பங்குக் கூட்டத்திற்கு நீங்கள் வர இயலாமற்போனால், நான் வருந்தமாட்டேன்.