வலி மாத்திரைதானே என்று போடலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பை எழுதி முடித்ததும், உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கித் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பு வலி தாங்கவில்லை. மகன் மெடிக்கலுக்குப் போய், "இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுங்க" என்று வாங்கி வந்தான். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. போட்டதும் வலி நின்றது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என 12 நாள் போட்டிருக்கிறாள். அடுத்த ஸ்கேனில், "பனிக்குட நீர் குறைஞ்சிருக்கே, என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

நம்மில் யார் இதைச் செய்யாதவர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேற. அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை.

அவள் போட்டது டைக்ளோஃபெனாக். இபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் எல்லாம் இதே வகைதான். ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். இந்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தை மந்தமாக்கிவிடும். நீர் குறைந்துபோகும். கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொள்ளலாம். 20 வாரத்துக்கு மேல் இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 அக்டோபரில் எச்சரித்தது.

அப்போ வலிக்கு, காய்ச்சலுக்கு என்னதான் போடுவது? பாராசிட்டமால் போடலாம். நர்ஸம்மாவிடம் கேட்டு, தேவையான அளவு மட்டும், ஓரிரு நாள்தான். காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாராசிட்டமாலால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மாதமே சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு சூட்சுமம். பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த ஒரே மாத்திரையும் கடையில் உண்டு. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அட்டையில் சிகப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

நாள் தள்ளிப் போயிருந்தாலே, கர்ப்பம் உறுதியாகும் முன்னாடியே, மெடிக்கலில் அதைச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதத்தில்தான். மேற்கு ஜெர்மனியில் 1957-ல் தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரை சீட்டு இல்லாமலே விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961-ல் அங்கே நிறுத்துவதற்குள், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. நாட்டு மருந்தையும் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! நர்ஸம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதை டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. வலிப்பு, சர்க்கரை, தைராய்டு மருந்துகளை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. ஆஸ்பிரினைக்கூட நாமாகத்தான் வாங்கிப் போடக் கூடாது, பி.பி. ஏறும் வாய்ப்புள்ள சிலருக்கு டாக்டரே குறைந்த அளவில் எழுதித் தருவார்.

ஐந்து மாதத்துக்கு மேல் கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால் மாத்திரை தேடி மெடிக்கலுக்கு ஓடாதீர்கள். அது பி.பி.யாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி போங்கள், வண்டிக்கு 108. மாத்திரையில் சந்தேகம் என்றால் 104-க்குப் பேசலாம், பணம் இல்லை.

அந்த மருமகளுக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஸ்கேனில் நீர் ஏறியிருந்ததாம். இப்போ காலுக்கு நடுவே தலையணை வைத்து இடது பக்கமாகப் படுக்கிறாள். தண்ணீர்க் குடம் தூக்குவது மகன் வேலை.