ஓர் ஒலி மாறினால் பொருள் மாறும்: அல்லுலோஸ் என்னும் அருஞ்சர்க்கரை



பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் பல. அம்மலையின் ஒட்டுக்கடைகளில் இன்று 'தே ஓ கோசோங்' என்று கேட்போர் பலரைக் காணலாம். 'தே ஓ' என்பது பால் சேராத தேநீர். 'கோசோங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்பது பொருள். சீனியும் வேண்டா என்பதே கருத்து.

அச்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மருத்துவரின் அறிவுரை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின், அந்நோய் இந்தியரிடையே மிகுதி. நம்மவர் 'இனிப்பு நீர்' என்று வழங்குவதும் இதனையே. இந்நிலையில், இனிப்பு இருக்கவேண்டும், அதன் தீங்கு இருக்கலாகாது என்று மனம் விழைவது இயல்பு. அவ்விழைவுக்கு அறிவியல் தந்த விடைகளுள் ஒன்று அல்லுலோஸ். அஃது எவ்வாறு உருவாகிறது, உடலில் என்ன செய்கிறது, எதனைச் செய்யாது என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நொதி என்பதை அறிதல் வேண்டும். அதற்குத் தேயிலைத் தொழிற்சாலையே நல்ல வகுப்பறை. கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் சிதைகின்றன. அதுவரை பிரிந்திருந்த கேட்டகின் என்னும் பொருள்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் ஒன்றுகலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு தியாஃப்ளேவின் முதலிய புதிய பொருள்கள் தோன்ற, பச்சை இலை செம்பழுப்பு நிறம் பெறுகிறது. இதனை 'நொதித்தல்' என்று வழங்கினாலும், கள் புளிப்பதைப் போல இங்கு நுண்ணுயிர்கள் தொழிற்படுவதில்லை. இலையின் சொந்த நொதியே இம்மாற்றத்தைச் செய்கிறது. வெப்பத்தால் அந்நொதியை முன்னரே செயலிழக்கச் செய்தால் கிடைப்பது பச்சைத் தேயிலை. வேதிமாற்றத்தை விரைவுபடுத்தி, தான் தீர்ந்துபோகாமல் எஞ்சி நிற்பது நொதி. ஒவ்வொரு நொதிக்கும் தனக்கென ஒரு வேலை உண்டு.

இனி அல்லுலோஸுக்கு வருவோம். பழச்சர்க்கரையாகிய ஃபிரக்டோஸும் அல்லுலோஸும் ஒரே அணுக்களால் ஆனவை. 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் என இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றே. மூன்றாம் கார்பனில் உள்ள ஒரு தொகுதி எத்திசை நோக்கி நிற்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. 'வலி', 'வழி' என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஒலி மாறியதும் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. செவி ஒலியைப் பிரித்தறிவது போல உடலின் நொதிகள் வடிவத்தைப் பிரித்தறிகின்றன. ஃபிரக்டோஸை ஏற்றுச் சிதைக்கும் உடல், அல்லுலோஸைப் பெரும்பாலும் எரிபொருளாகக் கொள்வதில்லை.

'அல்லோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'வேறு' என்பது பொருள். அச்சொல்லின் வழிவந்ததே இப்பெயர். நம் 'அல்' என்னும் எதிர்மறை வேரோடு இதனை இணைக்க மனம் துடிக்கும். ஆனால் ஒலியொப்புமை மட்டும் உறவாகாது.

அத்திப்பழம், உலர்திராட்சை ஆகியவற்றில் அல்லுலோஸ் மிகச் சிறிதளவே உண்டு. ஆதலின் அஃது அருஞ்சர்க்கரை எனப்பட்டது. ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் இசுமோரி, 1990களின் தொடக்கத்தில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியில் ஃபிரக்டோஸை அல்லுலோஸாக மாற்றவல்ல நொதியைக் கண்டறிந்தார். எபிமரேஸ் வகையைச் சேர்ந்த அந்நொதி, மூன்றாம் கார்பனில் உள்ள ஹைட்ரஜனை ஒருபுறம் நீக்கி மறுபுறம் சேர்க்கிறது. இன்று மக்காச்சோள மாவுப்பொருளை நொதிகளால் குளுக்கோஸாகவும், அதனை ஃபிரக்டோஸாகவும், அதனை அல்லுலோஸாகவும் படிப்படியே மாற்றுகின்றனர். இறுதி வினை இருதிசையிலும் நிகழ்வதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாறியதும் சமநிலை வந்துவிடும். எனவே அல்லுலோஸைத் தனியே பிரித்தெடுத்துப் படிகமாக்குகின்றனர். எஞ்சிய ஃபிரக்டோஸை மீண்டும் வினைக்கு உட்படுத்தலாம்.

அல்லுலோஸின் இனிப்பு, சீனியின் இனிப்பில் சுமார் 70 விழுக்காடு. சீனி 1 கிராமுக்கு 4 கலோரி தர, இது 0.4 கலோரியே தருவதாக அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கணக்கிடுகிறது. உண்டதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, சிதையாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. மாவுணவோடு உண்ணும்போது இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தை இது ஓரளவு தணிப்பதாகக் குறுகியகால ஆய்வுகள் காட்டுகின்றன. பல்லாண்டுப் பயன் இன்னும் நிறுவப்படவில்லை. அளவு மிகுந்தால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.4 கிராம் என்பதைக் கொரிய ஆய்வொன்று மேல்வரம்பாகக் காட்டியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 24 கிராம் ஆகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அல்லுலோஸ் மருந்தன்று, நீரிழிவு மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்றும் அன்று. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும். தே தாரிக்கில் சீனிக்கு மாற்றாக இதனை இட்டாலும், அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆசிரியர்களே, பொட்டலத்தில் 'சீனி இல்லை' என்றிருப்பின் அதன் பின்புறத்தையும் திருப்பிப் படிக்க மாணவர்களைப் பழக்குங்கள். மொத்த மாவுச்சத்து எவ்வளவு, இனிப்பூட்டி எது, அளவு என்ன என்று அவர்கள் கேட்கட்டும். இல்லத்தில் தாத்தா பாட்டியின் தேநீர்க் குவளைக்கு அருகில் அமர்ந்து அவற்றை எளிய தமிழில் எடுத்துரைக்க வல்ல ஒரு மாணவர், ஒரு குடும்பத்தின் நலத்தைக் காக்க முடியும்.