பிள்ளைகள் ஏறி விளையாடும் மரச்சட்டம்

நடக்கப் பழகிய சில மாதங்களுக்குள்ளேயே பிள்ளை ஏறவும் தொடங்கிவிடுகின்றது. கதிரை, மேசை, யன்னற் கம்பி, கிணற்றுக்கட்டு என்று எதனையும் அது விட்டுவைப்பதில்லை. வளவிலே கொய்யாவும் மாவும் தாழக் கொப்புவிட்டு நின்ற வீடுகளில் இவ்வாவலுக்கு இடமிருந்தது. சிறு காணியில் எழுந்த வீடுகளிலோ மரமும் இல்லை, ஏறுதற்கு வேறு பொருளும் இல்லை. ஏறாதே என்று அதட்டினாற் பிள்ளை அலுமாரியில் ஏறும். ஆதலின், தச்சுவேலை சிறிதேனும் அறிந்தவர் முற்றத்தில் ஓர் ஏறுசட்டம் அமைத்துக் கொடுப்பது நல்லது.

இவ்விளையாட்டுச் சட்டத்தின் பிறப்பு வியப்பானது. சாள்ஸ் ஹின்ரன் என்னும் கணித அறிஞர் யப்பானில் ஆசிரியராயிருந்த காலத்தில், நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளையும் தம் பிள்ளைகள் உடம்பாலேயே உணரவேண்டும் என்று கருதி, மூங்கிற் கழிகளாற் கட்டங்கட்டமாக ஒரு கூடு அமைத்தார். எண்களைக் கூறி, அவை குறிக்கும் மூலைக்கு ஏறும்படி பிள்ளைகளை ஏவினார். பிள்ளைகள் கணிதத்தை எவ்வளவு கற்றனரோ, ஏறுவதை நன்றாகக் கற்றனர். அவர்களுள் ஒருவரான செபஸ்தியன் ஹின்ரன் பின்னர் அமெரிக்காவிலே சட்டத்தரணியானார். சிக்காகோ நகரை அடுத்த வின்னெற்கா என்னும் ஊரில், 1920ஆம் ஆண்டில், அக்கூட்டை நினைந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சட்டத்தை உருவாக்கி, அதற்குக் காப்புரிமையும் கோரினார்.

வீட்டு முற்றத்துக்கு அத்துணைப் பெரிய கூடு வேண்டியதில்லை. ஐந்தடி நீளமான இரண்டு ஏணிகளை உச்சியிற் சேர்த்து, கால்களை ஆறடி விரித்து நிறுத்தினாற் போதும். அப்பொழுது உச்சி சரியாக நான்கடி உயரத்தில் நிற்கும். மூலைமட்டம் பார்க்க மேசன்மார் கையாளும் மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கே இது. ஒன்றின் பக்கச் சலாகைகள் மற்றொன்றினுள் அடங்கும்படி ஓர் ஏணியைச் சற்று ஒடுக்கமாகச் செய்து, உச்சித் தடி ஒன்றை நான்கு சலாகைகளினூடும் செலுத்த வேண்டும். அடியிலே இரண்டு ஏணிகளின் கால்களையும் இருபுறமும் குறுக்குச் சலாகையால் இணைக்காவிடின், பாரம் ஏறியதும் கால்கள் அகன்றுவிடும். இவ்விணைப்புக்கு ஆணி அறைந்தாற் போதாது. ஆட ஆட ஆணி இளகும். சுரையிட்டு முடுக்கும் போல்ட்டே தக்கது. அதன் தலையும் சுரையும் வெளியே துருத்தாது மரத்துட் பதிந்திருத்தல் வேண்டும்.

பக்கச் சலாகைகளுக்கு நாலுக்கு இரண்டு அங்குல மரம் போதும். படித்தடிகளுக்கு முதிரை, பாலை போன்ற வைர மரத்தில், கணுவற்று நார் நேராக ஓடும் துண்டுகளைத் தெரிந்து, ஒன்றேகால் அங்குலப் பருமனில் உருட்டிச் சீவவேண்டும். சிறுகை வளைத்துப் பிடிக்கும் அளவு அதுவே. பனஞ்சலாகை கூரைக்கு மிக உறுதியானது; ஆனாற் பிள்ளையின் உள்ளங்கைக்கு அது ஆகாது. அதன் சிலாம்பு ஏறினால் எடுப்பது எளிதன்று. மலிவாய்க் கிடைக்கும் பழைய சிலிப்பர் கட்டைகளையும் தவிர்க்கவேண்டும். அவற்றில் ஊறிய கிரியோசோட் எண்ணெய் தோலுக்குத் தீங்கானது. செல் அரியாதிருக்கக் கழிவெண்ணெய் பூசும் வழக்கமும் இங்கே கூடாது. அரத்தாளிட்டு நன்கு தேய்த்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசலாம்.

தடிகளின் இடைவெளியே உயிர்நாடி. மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்த இடைவெளியிற் பிள்ளையின் உடம்பு நுழையாது. ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்டதிலே தலையும் தடையின்றி வெளியே வரும். இவற்றுக்கு இடைப்பட்ட அளவே ஆபத்தானது. கால்கள் முதலில் நுழைந்து, உடம்பும் நுழைந்து, தலை மாட்டிக்கொள்ள, நிலத்திற் கால் எட்டாத பிள்ளை கழுத்தாலே தொங்க நேரும். சத்தமிடவும் அதனால் இயலாது. பத்தங்குலத்துக்கு ஒரு தடி என்று தச்சர் துளைத்தால், தடியின் பருமன் போக எஞ்சுவது எட்டேமுக்கால் அங்குலமே. ஆதலின் உச்சித் தடியிலிருந்து கீழ்நோக்கிப் பத்தரை அங்குலத்துக்கு ஒன்றாக, ஒவ்வோர் ஏணியிலும் நான்கு துளைகளைக் குறிக்கவேண்டும். அடியில் எஞ்சும் இடம் நிலத்தை அடுத்திருத்தலின் அதனால் தீங்கில்லை. கயிறு கட்டுவதும், கழுத்திலே துவாயை முடிந்துகொண்டு ஏறுவதும் இதே காரணத்தால் விலக்கத்தக்கன.

ஏறும் பிள்ளை ஒருநாள் விழத்தான் செய்யும். அது விழும் இடம் எது என்பதே கேள்வி. சீமெந்துத் தரை ஒருபுறமிருக்க, புல்நிலமுங்கூட வெயிலில் இறுகினாற் கல்லுக்கு ஒப்பாகும். சட்டத்தைச் சுற்றி எப்புறமும் ஆறடி வெளிவிட்டு, ஒன்பது அங்குல ஆழத்துக்கு மண்ணை அகழ்ந்து மணல் நிரப்பவேண்டும். மூன்றடி அகலமான சட்டத்துக்கு இக்குழி பதினெட்டடிக்குப் பதினைந்தடியாகும். ஏறக்குறைய இரண்டு கியூப் மணல் கொள்ளும். மரத்துக்குச் செலவிட்டவர் மணலில் மிச்சம் பிடிக்க எண்ணுவதுண்டு. அது தவறான சிக்கனம். அவ்வளவு வெளி இல்லாத முற்றத்தில் சட்டத்தை அமைக்காது விடுவதே மேல். மதிலுக்கோ கிணற்றுக்கட்டுக்கோ அண்மையாக அதனை நிறுத்துவது ஒருபோதும் கூடாது.

மழை பெய்தால் மணல் இறுகும். அதனை அடிக்கடி கிளறிவிட வேண்டும். பூனை அசுத்தஞ் செய்யாதிருக்க இரவில் படங்கு விரிக்கலாம். கால்கள் குழியின் அடியிற் பதித்த தட்டைக் கற்களின்மேல் நிற்றல் நன்று. எனினும் மணலுட் புதைந்த மரத்தைச் செல்லும் ஈரமும் கண்ணுக்குத் தெரியாமலே தின்னும். மாதம் ஒருமுறை சுரைகளை முடுக்கும்பொழுது, மணலை விலக்கிக் கத்திமுனையாற் கால்களைக் குத்திப் பார்க்கவேண்டும். முனை மெத்தென்று இறங்குமாயின், முண்டு கொடுத்து நிறுத்த முயலாது, அன்றைக்கே சட்டத்தைக் கழற்றிவிடல் வேண்டும்.