உங்களுக்குத் தெரியுமா? ஆக்டேன் கூடினால் பவர் கூடாது!

பங்கில் சாதா பெட்ரோலை விட பிரீமியம் பெட்ரோல் விலை அதிகம். அதைப் போட்டால் கார் பறக்குமா?

■ ஆக்டேன் எண், பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அது சொல்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்பதே அளவுகோல்.

■ இந்தியாவில் பி.எஸ்.-6 சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95. எத்தனாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன் அதிகம் என்பதால், 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கும் 95. இலங்கை பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பவை 92, 95.

■ 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த காரில் 100 ஆக்டேன் ஊற்றினாலும் வேகமோ மைலேஜோ சொல்லும்படி ஏறாது. அழுத்த விகிதம் அதிகமுள்ள இன்ஜின்களுக்கும் சில டர்போ இன்ஜின்களுக்கும்தான் அதிக ஆக்டேன் தேவை.

■ மேட்டில் ஏறும்போது இன்ஜினில் ‘கிணுகிணு’வென உலோகச் சத்தம் கேட்டால், அது ‘நாக்கிங்’. தொடர விட்டால் பிஸ்டனே சேதமாகும். ஆக்டேன் குறைவாக இருக்கலாம், கார்பன் படிந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

■ அமெரிக்க பங்குகளில் ‘87’ என்றிருப்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91, 92. அங்கே அளக்கும் முறை வேறு.

உங்கள் காருக்கு எது சரி? காரோடு தந்த கையேட்டில் இருக்கிறது. பல கார்களில் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். அந்த எண்ணுக்குக் குறையாமல் போடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.