ஜீப் குலுங்குதா? ஷாக் அப்சர்பரைப் பாருங்க!

பொழுது விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியோடு காத்திருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும். போடிமெட்டு சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த ஜீப்புகளின் பரம்பரை பழையது. மஹிந்திரா நிறுவனம் 1947-ல் இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளில் பாரம் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அது துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சர்பர்.

"ஷாக் போனா குலுங்கும், அவ்வளவுதானே?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். ஷாக்கின் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனின் சிறு துளைகள் வழியே அது மெதுவாகப் பிதுங்குவதால்தான் துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஏறும் டயர் தரையை விட்டு எழும்பும். அந்த நொடியில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* குழாயின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய புழுதியும் இருந்தால், ஒழுகுகிறது.

* டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால், சந்தேகப்படுங்கள்.

* பள்ளத்தில் 'டொக் டொக்' சத்தம் கேட்டால், ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினாலே போதும்.

* மெக்கானிக்கிடம் ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றி, கையால் இழுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக முரண்டு பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால், அதன் ஆயுள் முடிந்தது.

எம்ஜிபி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் லீவர் வகை ஷாக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கோனி நிறுவனத்தின் சில ஷாக்குகளில் இறுக்கத்தையும் கூட்டலாம். ஜீப்பில் பொதுவாக இருப்பது மூடி அடைத்த குழாய். ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், முன்னால் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் என்றால் பின்னால் இரண்டு என்று ஜோடியாக மாற்றுங்கள்.

கூடுதல் ஆள் ஏற்றுவதற்காகப் பட்டை ஒன்று சேர்ப்பவர்களும் உண்டு. ஷாக் பாரம் தாங்காது; இறுகிய பட்டையின் துள்ளலைப் பழைய ஷாக்கால் அடக்கவும் முடியாது. பிரேக்கின் சுமையும் கூடும்.

ஜூனில் மழை பிடித்தால் மலைச்சாலை வழுக்கும். அதற்கு முன்பே ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். பின் சீட்டில் இருப்பவர்கள் உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்!