பாக்டீரியாவுக்கு இன்சுலின் செய்யத் தெரியுமா?

வேங்கிக்காலிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவள் தாத்தாவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் அந்தக் குட்டிப் பாட்டிலின் லேபிளை ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறாள். ‘ஹ்யூமன் இன்சுலின்’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘ஆர்-டி.என்.ஏ. ஆரிஜின்’ என்றும் போட்டிருக்கிறது. டீச்சரிடம் கேட்டதற்கு, “பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கிறார்கள்” என்றாராம். அதோடு விடாமல் நமக்கு எழுதிக் கேட்கிறாள்: மனிதருடைய இன்சுலினைச் செய்ய பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, பாப்பா. தான் செய்வது இன்சுலின் என்று அதற்குத் துளியும் தெரியாது. தெரியாமலே செய்துகொடுக்கிறது. இத்தனை வருஷம் இதைப் படித்த பிறகும் எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான்.

ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கப்படும். அந்தப் பிரதியை ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். கோத்து முடித்தால் புரதம். எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணையைக் கண்டுபிடித்தவர்களில் நம் ஹர் கோவிந்த் குரானாவும் ஒருவர். 1968இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அந்த அட்டவணை உனக்கும் தவளைக்கும் மாமரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ரைபோசோம் ‘இது யாருடைய செய்தி?’ என்று பார்ப்பதில்லை. படிக்கக் கொடுத்தால் படிக்கும். நம் செய்தியை அதன் கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் நம் வேலை.

அதற்கு உதவுவது பிளாஸ்மிட்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ. ஒரு வளையம். அதில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள். இதைத் தவிர, பல பாக்டீரியாக்களில் தனியாகச் சின்னச் சின்ன டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். அவைதான் பிளாஸ்மிட்டுகள். எவ்வளவு சின்னது என்று பார்க்க, அண்ணாமலையாரைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையை நினைத்துக்கொள். 14 கிலோமீட்டர். ஈ.கோலையின் பெரிய வளையத்தை அந்தப் பாதை நீளத்துக்கு விரித்தால், ஆய்வகங்களில் பேர்பெற்ற பி.பி.ஆர்.322 என்ற பிளாஸ்மிட்டைச் சுற்றிவர 13 மீட்டர்தான் வரும். அதில் இருப்பது மொத்தம் 4,361 எழுத்துகள்.

சின்னதாக இருந்தாலும், பாக்டீரியாவுக்குள் நுழைந்துவிட்டால் பிளாஸ்மிட் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது இரண்டிலும் போய் இருக்கும். ஈ.கோலைக்கு நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்றில் ஆரம்பித்து எட்டு மணி நேரத்தில் எத்தனை என்று நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். 24 முறை இரட்டித்திருக்கும். 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். அத்தனைக்குள்ளும் நம் வளையம்.

1973இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் இருவரும் சேர்ந்து, பிளாஸ்மிட்டை நொதியால் வெட்டி, வேறொரு டி.என்.ஏ. துண்டை அதில் வைத்து, இன்னொரு நொதியால் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்பிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே தவளையின் டி.என்.ஏ. துண்டு ஒன்று ஈ.கோலைக்குள் போய்விட்டது. பிறகு 1977இல் போயரின் ஆய்வகத்தில் பொலிவார், ரோட்ரிகஸ் என்ற இருவர் வடிவமைத்ததுதான் மேலே சொன்ன பி.பி.ஆர்.322.

அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். பிளாஸ்மிட்டையும் பாக்டீரியாவையும் கலந்து ஐஸில் வைப்பார்கள். பிறகு 42 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் போல வைத்துவிட்டு, மறுபடி ஐஸ். அந்தத் திடீர்ச் சூட்டில் சில பாக்டீரியாக்கள் மட்டும் பிளாஸ்மிட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பெரும்பாலானவை வாங்காது. வாங்கியது எது, வாங்காதது எது? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க உதவும் இரண்டு மரபணுக்கள் பி.பி.ஆர்.322இல் இருக்கின்றன. ஒன்று ஆம்பிசிலின் என்ற மருந்தைச் சமாளிக்கும். மற்றொன்று டெட்ராசைக்ளினைச் சமாளிக்கும். ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் முதலில் ஒரு வாடை அடிக்கும். பிறகு தட்டில் வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு பாக்டீரியாவின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் கூட்டம். பிளாஸ்மிட் இல்லாதவை எல்லாம் மருந்தில் செத்திருக்கும்.

இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பிளாஸ்மிட் உள்ளே போனது சரி, நாம் ஒட்டிய துண்டு அதில் இருக்கிறதா, அல்லது வெட்டிய இடம் சும்மா மூடிக்கொண்டதா? இதற்காகத்தான் நம் துண்டை டெட்ராசைக்ளின் மரபணுவின் நடுவில் வைப்பார்கள். துண்டு ஏறினால் அந்த மரபணு உடைந்துபோகும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் தொட்டு, டெட்ராசைக்ளின் கலந்த இன்னொரு தட்டில், அதே வரிசையில் வைப்பார்கள். அங்கே எது வளரவில்லையோ, அதுதான் நமக்கு வேண்டியது. முதல் தட்டில் அதன் உடன்பிறப்புகள் உயிரோடு இருக்குமே, அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ.வில் என்ன நடந்தது என்பதை இரண்டு தட்டுகளை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இவ்வளவு சிக்கனமான சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி தாத்தாவின் இன்சுலினுக்கு வருவோம். முன்பெல்லாம் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலினை எடுத்தார்கள். 1978இல் கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தாரும் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தாரும் மனித இன்சுலினை ஈ.கோலையில் செய்துகாட்டினார்கள். அதற்கான மரபணுவை யார் உடம்பிலிருந்தும் எடுக்கவில்லை. இன்சுலினின் அமினோ அமில வரிசை ஏற்கெனவே தெரியும். அட்டவணையும் தெரியும். இரண்டையும் வைத்து, வேண்டிய எழுத்துகளை வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். மரபணுவை இப்படிச் சோதனைச் சாலையிலேயே செய்ய முடியும் என்று முதலில் காட்டியவரும் குரானாதான்.

இன்சுலினில் இரண்டு சங்கிலிகள். ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றொன்றில் 30. இரண்டையும் வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டத்தில் செய்தார்கள். இத்தனை குட்டியான அந்நியச் சங்கிலியை ஈ.கோலை சும்மா விடாது, நறுக்கிப் போட்டுவிடும். அதனால் ஈ.கோலையின் சொந்தப் புரதம் ஒன்றின் வாலில் அதைச் சேர்த்துச் செய்யவைத்தார்கள். பிறகு எப்படிப் பிரிப்பது? இணைப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்திருந்தார்கள். மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் ரசாயனம் ஒன்று உண்டு. இன்சுலினுக்குள் மெத்தியோனின் கிடையாது. ஆகவே வால் அறுபடும், இன்சுலினுக்குச் சேதம் வராது. கடைசியில் இரண்டு சங்கிலிகளையும் இணைத்தார்கள். 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று எல்லா இன்சுலினும் பாக்டீரியாவில் வருவதில்லை. இந்திய நிறுவனங்கள் ஈஸ்ட்டிலும் செய்கின்றன. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் கொண்டுவந்த ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் ஈஸ்ட்டில் செய்ததே. சில புரதங்களைச் சரியாக மடித்து முடிக்க பாக்டீரியாவால் ஆகாது. தாத்தாவின் பாட்டில் எந்த வகை என்பதை அதோடு வரும் மடித்த தாளில் தேடிப் பார்.

இப்போது, இதே பிளாஸ்மிட் வழியை ரைபோசோம் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய நம் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரைப் பற்றி. திருவண்ணாமலையில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் சிதம்பரம் போய்விடலாம். அங்கே 1952இல் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. இயற்பியல் படித்து, அமெரிக்கா போய், அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். பிறகு உயிரியல்தான் வேண்டும் என்று மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். அவர் பிடித்துக்கொண்ட பொருள் ரைபோசோம். எந்தச் செய்தியையும் படிக்கும் அந்த இயந்திரம் எப்படி இருக்கிறது என்று அணு அணுவாகப் பார்க்க ஆசைப்பட்டார்.

பாக்டீரியாவின் ரைபோசோமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஆர்.என்.ஏ.வோடு பின்னிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்க வேண்டுமென்றால், மூட்டை மூட்டையாக பாக்டீரியாவை வளர்த்து, ரைபோசோமைப் பிரித்து, அதற்குள் ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நாய் படாத பாடு.

1983இலிருந்து அவர் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தார். அங்கேயே வில்லியம் ஸ்டுடியர் என்பவர் டி7 என்ற வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். டி7 ஈ.கோலையைக் கொல்லும் வைரஸ். அதனிடம் தனக்கென்று ஒரு பிரதி எடுக்கும் நொதி இருக்கிறது. ஈ.கோலையின் நொதியைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் டி7இன் சொந்தத் தொடக்கக் குறி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது வேலையை ஆரம்பிக்கும். ஈ.கோலையின் நொதியோ அந்தக் குறியைச் சட்டை செய்யாது. ஸ்டுடியர் இதைப் பிடித்துக்கொண்டார். 1986இல் மொஃபாட் என்ற சகாவோடு சேர்ந்து, டி7 நொதிக்கான மரபணுவை ஈ.கோலையின் பெரிய வளையத்திலேயே சேர்த்தார். அது வேலை செய்யாதபடி அடக்கியும் வைத்தார். பிளாஸ்மிட்டில் டி7 குறியைப் போட்டு, அதன் பின்னால் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால் போதும். பாக்டீரியா நிம்மதியாகப் பெருகும். குடுவை கலங்கும் அளவுக்குப் பெருகியதும் ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைக் கொஞ்சம் ஊற்றினால், அடக்கம் நீங்கி டி7 நொதி உருவாகும். பிறகு ஓட்டம்தான். சில மணி நேரத்தில் அந்த பாக்டீரியாவிலுள்ள மொத்தப் புரதத்தில் பாதிவரை நாம் கேட்ட புரதமாகவே இருக்கக்கூடும். இந்த முறையில் செய்த ‘பெட்’ வகைப் பிளாஸ்மிட்டுகளை இன்றைக்கும் ஆய்வகங்களில் புரதம் செய்யப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் அடிப்படை வளையம் நமக்குத் தெரிந்த பி.பி.ஆர்.322தான்.

ராமகிருஷ்ணன் அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். வெந்நீர் ஊற்று போன்ற சூடான இடத்திலும் தாக்குப்பிடிக்கும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் மரபணுக்களை ஈ.கோலையில் ஏற்றினார். சூட்டைத் தாங்கும் புரதம் கெட்டியானது, வடிவத்தைப் பார்ப்பதற்காகப் படிகமாக்க வசதி. எஸ்5 என்ற புரதத்தின் வடிவத்தை அவரும் சகாவான ஸ்டீஃபன் வைட்டும் 1992இல் வெளியிட்டார்கள். இதில் நான் மிகவும் ரசிப்பது ஒன்று உண்டு: ஈ.கோலையின் ரைபோசோம்கள் உட்கார்ந்து, வேறோர் உயிரின் ரைபோசோமுக்கான உறுப்பைச் செய்துகொடுத்திருக்கின்றன. எதைச் செய்கிறோம் என்று அவற்றுக்கும் தெரியாது!

அதன்பின் ராமகிருஷ்ணன் ரைபோசோமின் சிறு பாதி முழுவதையும் படிகமாக்கி, 2000இல் அதன் வடிவத்தை வெளியிட்டார். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிளாஸ்மிட் ஆய்வகத்துக்காகப் பிறந்ததல்ல. மருந்துக்கு மசியாத குணத்தை ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது அதன் பழைய தொழில். 2010இல் சென்னை, ஹரியானா நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில், மிக வலுவான மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணுவைப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் ஏறியிருந்தது. அதனால், டாக்டர் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் இரண்டாம் நாளே நிறுத்தாதே. சளிக்கு நீயாகக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதே.

டெட்ராசைக்ளின் பாக்டீரியாவின் வளர்ச்சியை எப்படித் தடுக்கிறது என்பதையும் ராமகிருஷ்ணனின் குழு 2000இலேயே படம் பிடித்தது. ரைபோசோமின் சிறு பாதியில், அடுத்த அமினோ அமிலம் வந்து சேரும் இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. கோப்பது நின்றுவிடுகிறது. பி.பி.ஆர்.322இன் டெட்ராசைக்ளின் மரபணு எதற்கான செய்தி தெரியுமா? பாக்டீரியாவின் சவ்வில் உட்கார்ந்து, உள்ளே வரும் டெட்ராசைக்ளினை வெளியே இறைத்துக் கொட்டும் ஒரு புரதத்துக்கு. அந்தப் புரதத்தைச் செய்துகொடுப்பதும் ரைபோசோம்தான்.