தேடினால் கிடைக்கும் குறிப்பேடு

நாட்குறிப்பு எழுதுகிறவர்களில் பலர் அதைத் திரும்பப் புரட்டுவதே இல்லை. சோம்பல் காரணம் அல்ல. எழுதுவது தேதி வரிசையில். தேடுவதோ விஷயத்தை வைத்து. போன வருஷம் முக்கொம்புக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது, அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முன்னூறு பக்கத்தையும் யார் புரட்டுவது?

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதற்கு வழி தெரியும். குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதி, பேரேட்டில் கணக்குவாரியாகப் பிரிப்பார்கள். இரண்டையும் இணைப்பது ‘பே.ப.எ.’ என்ற ஒடுக்கமான பத்தி, அதாவது பேரேட்டுப் பக்க எண். இதையே ஒரே நோட்டில் செய்யலாம். வாங்கிய அன்றே எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். முதல் நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள். 47ஆம் பக்கத்தில் காவிரி பற்றி எழுதினால் முன்னால் ‘காவிரி – 12, 47’ என்று சேர்த்துவிட்டு, 47இன் ஓரத்தில் ‘12 பார்க்க’ என்று குறியுங்கள். நியூயார்க்கின் ரைடர் கேரல் 2013இல் வெளியிட்ட ‘புல்லட் ஜர்னல்’ முறைக்கும் இப்படியொரு பொருளடக்கம்தான் முதுகெலும்பு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686இலேயே, சொல்லின் முதல் எழுத்தையும் அடுத்த உயிரெழுத்தையும் வைத்து அடுக்கும் முறையை அச்சிட்டார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘கா’ என்ற ஓர் உயிர்மெய்யிலேயே இரண்டும் அடங்கிவிடுகின்றன.

தேதியை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ்த் தேதி, ஐரோப்பியத் தேதி இரண்டையும் போட்டார். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்பேன். வைகுண்ட ஏகாதசியின் ஆங்கிலத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆடிப்பெருக்கு ஆடி 18தான்.

இனி பேனா. சென்னை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூர் ரங்கா போன்ற எபோனைட் பேனாக்களில் பல, ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே மை ஊற்றுகிற வகை. கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பரைக் கடைசல் பிடித்துச் செய்கிறார்கள். மை நிறையக் கொள்ளும். திருச்சி வெயிலில் இதற்கு ஒரு கவனம் வேண்டும். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப்பு வழியே தள்ளும். எழுதிக்கொண்டே இருக்கும்போது சொட்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான். கால்வாசிக்குக் கீழே போகுமுன் நிரப்பிவிடுங்கள். கழுத்து மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் அங்கே கசியாது.

மைதான் முக்கியம். சாதாரண ராயல் ப்ளூ வெறும் சாயம், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் வரி கரைந்துவிடும். ஆற்றங்கரை ஊரில் பல வருஷம் நிற்க வேண்டிய நோட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பு மை வாங்குங்கள். மாசிக்காயில் இருக்கும் டானினும் இரும்பு உப்பும் சேர்ந்தது அது; தாளில் காற்றுப் பட்டுக் கறுத்து, தண்ணீரில் கரையாததாக மாறும். ஆனால் அமிலத்தன்மை உள்ளது. பேனாவுக்குள் காயவிட்டால் எஃகு நிப்பை அரிக்கும்.

தாள் வாங்குமுன் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் முடிமுடியாகப் படர்ந்தால் வேண்டாம். கரூர் பக்கம் புகளூரில் டி.என்.பி.எல். கரும்புச் சக்கையைச் சேர்த்துத் தாள் செய்கிறது. சக்கைத் தாளை விரும்பித் தேடும் மைப்பேனாக்காரர்கள் உண்டு. எந்தத் தாளானாலும் ஐப்பசி அடைமழையில் ஈரம் இழுக்கும், நோட்டை அலமாரியின் சுவரோரம் வைக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை பேனாவைக் கழுவுங்கள். போர்த் தண்ணீரின் உப்பு நிப்புக்கு அடியிலுள்ள மெல்லிய பள்ளங்களில் படியும். வடிகட்டிய குடிநீர் போதும், வெந்நீர் கூடாது. நிறம் வருவது நிற்கும் வரை அலசி, நிப்பு கீழே பார்க்கப் பருத்தித் துணியில் சாய்த்து வைத்தால் மறுநாள் மை ஊற்றலாம்.